நான் ஒத்துப் பார்த்த புத்தகம்

அப்பு,

வருகிற திங்கட்கிழமை காலையில் சென்னையில் உன் ஆபீசில் எனக்காக ஒரு மைக்கும் நாற்காலியும் தயாராக இருக்கும் என்று போனில் சொன்னாய். கண் தெரியாதவர்களுக்குப் புத்தகம் படித்துப் பதிவு செய்ய நல்ல குரல் வேண்டும் என்று உன் மேலதிகாரி கேட்டாராம். நீ உடனே, "எங்க அப்பா இருக்காரு சார், காலமெல்லாம் மைக்குல பேசுறவரு, எனக்குச் சின்னதுல பேப்பர் படிச்சுக் காட்டினதே அவருதான்" என்று சொல்லிவிட்டாயாம். டிக்கெட்டுகூடப் போட்டுவிட்டதாகச் சொன்னாய். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா வந்து, "என்னய்யா பேயறைஞ்ச மாதிரி இருக்கீக, புள்ளைக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள். "அவனுக்கு ஒண்ணுமில்ல. என்னையப் புத்தகம் வாசிக்கக் கூப்புடுறான்" என்றேன். முதலில் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "இனியும் மூடி வைக்க முடியாதுய்யா. இப்பவாச்சும் சொல்லிப்புடுங்க" என்றாள்.

சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது அப்பு. பஸ் நம்பர் தெரியும், ரூபாய் நோட்டு தெரியும், ஆம்ப்ளிஃபயரில் எந்தத் திருகு எதற்கென்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். எழுத்து மட்டும் தெரியாது. நீ பிறந்ததிலிருந்து இன்றுவரை உனக்கு ஒரு வரிகூட நான் படித்துக் காட்டியதில்லை. படிப்பதுபோலப் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. பால்காரனுக்குத் தெரியும், நாகல் நகரில் நம் மைக் செட் கடைக்கு எதிரே டீ ஆற்றுகிறவனுக்குத் தெரியும். நம் தெருவில் நான் கைநாட்டு என்பது தெரியாத ஒரே ஆள் நீதான். மற்றவர்கள் முன்னால் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நடிக்க முடியாது, பார்த்துவிடுவார்கள். உன் முன்னால் முடிந்தது. உன் கண்ணில்லாமையை நான் எனக்கு மறைப்பாக வைத்துக்கொண்டேன். இதை வாயால் சொல்லும்போதே உடம்பு கூசுகிறது.

படிக்கத் தெரியாதவன் எப்படிக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். ஒட்டன்சத்திரத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு பெண் அடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் யார், நான் ஏன் இம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்தேன் என்பதெல்லாம் பின்னால் வரும். என் பேச்சைக் கேட்டதும் முதலில் அவள், "ஏனுங்க, நீங்க பேசற மாதிரியே அடிச்சா மெஷின் திக்கித் திக்கிப் படிக்குமுங்க. நான் புத்தகத் தமிழ்ல மாத்தி அடிக்கிறேன்" என்றாள். கம்ப்யூட்டரில் எழுத்தை உனக்குப் படித்துக் காட்டுமே, அந்தக் குரலைத்தான் மெஷின் என்கிறாள். சரி அம்மா, யார் யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசினபடியே போடு, அது திக்கினாலும் என் மகன் புரிந்துகொள்வான் என்றேன். ஆகவே இந்தக் கடிதத்தில் நான் கொஞ்சம் படித்தவன்போலத் தெரிந்தால் ஏமாந்துவிடாதே. ஏற்கெனவே ஏமாந்தது போதும்.

இது எப்படித் தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் உட்கார்ந்து திட்டம் போட்ட பொய் இல்லை. அய்யலூர்ப் பக்கம் ஒரு ஊரில் கோயில் திருவிழா. நம் மைக் செட்டுதான். ஸ்பீக்கர் குழாயைப் பனைமரத்தில் கட்டிவிட்டு, பந்தலில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உன்னை உட்கார வைத்திருந்தேன். அப்போது நீ பள்ளிக்கூட விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விழாவுக்கு யார் யார் உபயம் என்று மைக்கில் சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் தர மாட்டார்கள். பேரைச் சொன்னால் போதாது, ஊர், அப்பா பேர், என்ன தொழில் எல்லாம் சேர்த்து, இழுத்து, மரியாதையாகச் சொல்ல வேண்டும். கோயில் கணக்குப்பிள்ளை தாளைப் பார்த்து என் காதில் மெல்லச் சொல்வார், நான் மைக்கில் முழங்குவேன். ஒருவருடைய அப்பா பேரை விட்டுவிட்டேன் என்று அவர் பந்தலுக்கே வந்து, "ஏன்யா, நான் என்ன வானத்துல இருந்தா குதிச்சேன்?" என்று சண்டைக்கு நின்றார். மறுபடி அவர் பேரை மட்டும் தனியாகச் சொல்லிச் சமாதானப்படுத்தினோம். அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கினதும் நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"அப்பா, அம்புட்டுப் பேரையும் எங்க பாத்துப் படிக்கிறீங்க?"

"தாள்ல எழுதியிருக்கு அப்பு."

"நீங்க நல்லா படிக்கிறீங்கப்பா. எங்க சாரைவிட நல்லா படிக்கிறீங்க."

அதற்கு நான், "ஆமாப்பா" என்றேன். அந்த இடத்தில், "இல்லப்பா, கணக்குப்பிள்ளை சொல்றாரு, நான் திருப்பிச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் உன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. யாரும் என்னைப் பார்த்து அப்படி மலர்ந்ததில்லை. உன்னை விடுதியில் சேர்த்தபோது ஆபீசில் இங்க் பேடை என் பக்கம் தள்ளினார்கள். நான் கட்டைவிரலை உருட்டும் சத்தம் பக்கத்தில் நின்ற உனக்குக் கேட்காதபடி இருமினேன். அந்த வெட்கம் உள்ளே இருந்ததால்தானோ என்னவோ, நீ கொடுத்த பெருமையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நீ விடுவாயா? "எனக்கும் படிச்சுக் காட்டுங்க" என்று பேப்பரும் கையுமாக வந்தாய். வடை மடித்து வந்த பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நான் பாட்டுக்குச் சொல்லுவேன். கொடைரோடு ஸ்டேஷனில் காட்டெருமை ஒன்று பிளாட்பாரத்துக்கு வந்து நின்றதாம், ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியைக் காட்டியும் அது நகரவில்லையாம், கடைசியில் சிவப்புக் கொடியைக் காட்டினதும் தண்டவாளத்தைக் கடந்து போய்விட்டதாம். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். உன் அம்மா வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்து, உனக்குக் கேட்காதபடி, "ஏய்யா, படத்துல மந்திரி தலைகீழா நிக்கிறாரு. அவரையாச்சும் நிமித்திப் புடிங்க" என்பாள். நான் பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தொடர்வேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் நீ விடுதிக்குப் போய் அந்தக் காட்டெருமைச் செய்தியைச் சொல்லியிருக்கிறாய். அப்படி ஒரு செய்தியே வரவில்லை என்று உன் வாத்தியார் சொல்ல, "எங்க அப்பா படிச்சாரு சார்" என்று நீ எதிர்த்து நின்று, முட்டி போட்டிருக்கிறாய். அடுத்த லீவில் வந்து அதையும் பெருமையாகத்தான் என்னிடம் சொன்னாய். "நான் விட்டுக் குடுக்கலப்பா" என்றாய். அப்போதும் சொல்லவில்லை.

நம் தெருவில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு வந்ததே, உனக்கு நினைவிருக்கும். திறப்பு விழாவுக்கு மைக் கட்டியதே நான்தான். எதிர்வீட்டு அம்மா, கறிக்கடைக்காரர், எல்லாரும் சிலேட்டோடு போய் உட்கார்ந்தார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் நீ அப்போது வீட்டில் இருந்தாய். படிக்கத் தெரிந்த அப்பா எதற்கு ஆனா ஆவன்னா வகுப்புக்குப் போகிறார் என்று கேட்பாயே. ஒரு பொய்யைக் காப்பாற்ற, அதைப் பொய் இல்லாமல் ஆக்குவதற்குக் கிடைத்த வழியையும் நானே அடைத்துக்கொண்டேன்.

நீ காலேஜுக்குப் போன பிறகு கொஞ்ச காலம் எனக்கு நிம்மதி. உன் கூட்டாளிகள் பாடத்தைக் கேசட்டில் படித்துக் கொடுத்தார்கள். கேசட் என்றால் நான் ராஜா. நாடா சிக்கினால் எடுத்துவிடுவேன், அறுந்தால் ஒட்டிக் கொடுப்பேன், உன் டேப் ரிக்கார்டரின் ஹெட்டை வாரம் தவறாமல் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன். ஒரு பாடத்தின் நடுவில் ஒரு விஷயம் வேண்டுமென்றால் நீ நாடாவை முன்னாலும் பின்னாலும் ஓட்டி ஓட்டித் தேடுவாய், அந்தக் கீச்சுச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒருநாள் ஓடிவந்து, "அப்பா, இனிமே நாடா ஓட்ட வேண்டியதில்ல. டெய்சி வந்திருச்சு" என்றாய். உன் அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "யாருலே அது டெய்சி? வேதக்காரப் பொண்ணா? நல்ல குடும்பமா?" நீ சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினாய். டெய்சி என்பது கண் தெரியாதவர்களுக்கான புத்தகத்தின் ஒரு வகை. குரலாகப் பதிந்திருக்கும். ஆனால் கேசட்டுபோல ஒரே நீளமாக இருக்காது. பாடம், பாடத்துக்குள் தலைப்பு, தலைப்புக்குள் சின்னத் தலைப்பு என்று அடையாளம் வைத்திருக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் அடுத்த பாடம், இன்னொன்றைத் தட்டினால் அடுத்த தலைப்பு. "கண்ணு தெரிஞ்சவங்க பக்கத்தைப் புரட்டுற மாதிரியே நாங்களும் புரட்டலாம்ப்பா" என்றாய். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வாத்தியார் வேலைப் பரீட்சைக்கு உன்னைப்போலப் பலர் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் உதவட்டும் என்று ஒரு தமிழ்ப் பாடப் புத்தகத்தை நீயே டெய்சியாகச் செய்யக் கிளம்பினாய். நம் வீட்டுப் பின்னறையில் மெத்தையைச் சுவரில் சாத்தி, பக்கத்து வீட்டு அக்காவிடம் மிக்சி போட வேண்டாம் என்று கெஞ்சி, நம் கடையின் நல்ல மைக்கை வைத்து, காலேஜ் பெண் ஜெனிட்டா தினமும் வந்து படித்தாள். அவள் படிப்பாள், நீ கம்ப்யூட்டரில் பதிவு செய்து, பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் தலைப்புக்கும் அடையாளம் வைப்பாய். பக்க எண்ணும் வைக்கலாம், நேரமில்லை, பரீட்சை வந்துவிட்டது என்று அதை விட்டுவிட்டாய். எல்லாம் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பதிந்ததை முழுக்கக் கேட்டு, அச்சுப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பார்க்க வேண்டும். கண் தெரிந்த ஆள்தான் செய்ய முடியும். என் விஷயம் தெரியாத ஜெனிட்டா, தானே செய்கிறேன் என்றாள். நீதான், "வேணாம்மா, படிச்சவங்களே ஒத்துப் பாத்தா தப்பு தெரியாது. அப்பா பாத்துக்கிருவாரு" என்றாய். என் மடியில் புத்தகத்தை வைத்தாய்.

நான் பல நாள் உட்கார்ந்து கேட்டேன். ஜெனிட்டா தாளைப் புரட்டும் சத்தம் பதிவில் லேசாகக் கேட்கும். அது கேட்டதும் நானும் ஒரு தாளைப் புரட்டுவேன். ஒரு இடத்தில் ஃபேன் சத்தம், ஒரு இடத்தில் மூச்சு மைக்கில் இடித்தது, ஒரு இடத்தில் கோழி கூவியது, எல்லாவற்றையும் சொன்னேன், நீ திருத்தினாய். "எங்கப்பா காதுக்கு ஈடே கிடையாது" என்று ஜெனிட்டாவிடம் சொன்னாய். நடுவில் ஒரு நாள் அவள் படித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. வந்ததும் விட்ட இடம் என்று நினைத்து, சில பக்கங்கள் தள்ளித் தொடங்கிவிட்டாள். அதை நான் கவனிக்கவில்லை. கடைசியில் நீ கேட்டாய், "எல்லாம் சரியா இருக்காப்பா?" நான் சொன்னேன், "சரியா இருக்கு அப்பு. ஒரு எழுத்து விடல."

சிடிகள் போட்டு எல்லா ஊருக்கும் கொடுத்தாய். ஒட்டன்சத்திரத்திலிருந்து உன்னைப்போலவே கண் தெரியாத ஒரு பெண் அண்ணனோடு வீட்டுக்கே வந்து வாங்கிப் போனாள். பரீட்சை நடந்தது. அன்று சாயங்காலமே போன் வர ஆரம்பித்தது. விடுபட்ட பக்கங்களிலிருந்துதான் பெரிய கேள்வி வந்திருந்தது. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டோம் என்று நம்பி இருந்தவர்கள் எல்லாரும் பாதியில் நின்றிருக்கிறார்கள். ஜெனிட்டா புத்தகத்தை எடுத்து வந்து பார்த்து, எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை இல்லை என்று சொன்னாள். அழுதாள். "நான் படிச்சேன்னுதான் நெனைக்கிறேண்ணே, நிச்சயமா தெரியல" என்றாள். நீ என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க கேட்டப்ப அந்த இடம் இருந்துச்சா?" என்றாய்.

"இருந்துச்சுப்பா. கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டும்போது போயிருக்கும்."

அப்பு, மற்றதையெல்லாம் பாசத்தில் செய்தேன், வெட்கத்தில் செய்தேன் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு ஒன்றும் சொல்ல முடியாது. நீ அந்த நிமிஷமே நம்பினாய். ஜெனிட்டாவிடம், "நீ அழாதம்மா, என் கைத்தப்புதான்" என்றாய். பிறகு சிடி வாங்கிய ஒவ்வொருவருக்கும் நீயே போன் போட்டாய். "நான்தான் தப்பா வெட்டிட்டேன், மன்னிச்சிருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் வாசலில் ஒயரைச் சுருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் கத்தினார்கள். உனக்குத் தெரிந்த ஒருவர் கடைக்கே வந்து, "கண்ணு தெரிஞ்சவங்க செய்ய வேண்டிய வேலைய நீ எதுக்கு இழுத்துப் போட்டுக்கிட்ட தம்பி?" என்று உன் முகத்துக்கு நேராகச் சொன்னார். கண் தெரிந்தவன் செய்த தப்பு அது. அந்தக் கண் தெரிந்தவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். அதன் பிறகு வெகுகாலம் நீ எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை.

சென்னையில் வேலை கிடைத்து மறுபடி புத்தகம் செய்யத் தொடங்கினாய் என்றதும் எனக்குச் சுமை இறங்கியதுபோல இருந்தது. எல்லாம் ஆறிவிட்டது, இனி யாருக்கு நினைவிருக்கும் என்று நினைத்தேன். அப்போதுதான் திங்கட்கிழமை வா என்று நீ கூப்பிட்டாய்.

உனக்குச் சொல்வதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லிப் பழக வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வந்து சிடி வாங்கிப்போன அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். அவள் அண்ணன் காய்கறி மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாக அன்று சொன்னான். விசாரித்துப் போனேன். கடையில் அவளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மளமளவென்று அடித்துக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும், "அந்த டெய்சி புக் போட்டவரோட அப்பாங்களா?" என்று எழுந்துவிட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அந்த வருஷம் எனக்கு வேலை கெடைக்கலீங்க. அடுத்த வருஷம் எங்கப்பாவுக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சு. அப்புறம் நான் எழுதவே இல்லீங்க" என்றாள். பிறகு, "நான் உங்க பையனை ரொம்பத் திட்டிட்டேனுங்க. போன்ல. தெரியுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. பக்கத்துலதான் நின்னேன்."

"நின்னுட்டு இருந்தீங்களா?"

அவள் என்னை மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அண்ணன்காரன் நடுவில் வந்து, "பெரியவரே, பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல" என்று என்னைக் கிளப்பப் பார்த்தான். அவள்தான், "இருண்ணா" என்றாள். "அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?" "இல்லம்மா." "அப்ப மொதல்ல அவருகிட்டச் சொல்லுங்க. சொல்லுங்க, நான் அடிக்கிறேன். என் பேரு மட்டும் வேண்டாமுங்க." அப்படித்தான் இந்தக் கடிதம் தொடங்கியது.

இதுவரை சொன்னதை மெஷினை விட்டுப் படிக்க வைத்தாள். அந்தக் குரலை நீ தினமும் கேட்கிறாய். நான் இப்போதுதான் கேட்டேன். ஏற்றம் இறக்கம் ஒன்றும் கிடையாது. காட்டெருமைக்கும் அதே குரல், என் பொய்க்கும் அதே குரல். நான் சொன்ன ஒரு விஷயம் எழுத்தாகிப் பிறகு என் காதுக்கே திரும்பி வருவது எனக்கு இதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு வரி வந்தது. "அதை நான் கவனிக்கவில்லை." கரண்ட் போன இடத்தைப் பற்றிச் சொன்னேனே, அங்கே. அந்தப் பெண் உடனே நிறுத்தினாள். "ஏனுங்க, கோழி கூவினது கேட்ட காதுக்கு இது கேக்கலீங்களா?" என்றாள்.

கேட்டது அப்பு. இங்கே உட்கார்ந்தும் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அந்த வரியை அழிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும், நான் எப்படிப்பட்டவன் என்று தெரியட்டும் என்றேன். உண்மை இதுதான். அந்த இடத்தில் ஜெனிட்டாவின் குரல் வாக்கியத்தின் பாதியில் மேலே நின்றது, இறங்கவில்லை. அடுத்தது புதுசாக மூச்செடுத்துத் தொடங்கியது. ஒட்டுப்போட்ட இடம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. காலமெல்லாம் நாடா ஒட்டியவனுக்கு இது தெரியாமல் போகுமா? உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால், "புத்தகத்துல அந்த இடத்துல என்ன இருக்குப்பா, படிங்க" என்பாய். வாயை மூடிக்கொண்டேன். பதிவு முடிந்தபோது என் மடியில் இன்னும் சில தாள்கள் புரட்டாமல் இருந்தன. அவற்றைச் சேர்த்து ஒரே புரட்டாகப் புரட்டி, அட்டையை மூடிவிட்டுத்தான், ஒரு எழுத்து விடவில்லை என்று சொன்னேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் நீ செய்கிற வேலைக்காக ஒன்று சொல்கிறேன். ஒத்துப் பார்க்கிற வேலையை உன்மேல் பாசம் உள்ளவர்களிடம் கொடுக்காதே. பாசக்காரன் உன் முகம் வாடக்கூடாது என்று பார்ப்பானே தவிர, எழுத்தைப் பார்க்க மாட்டான். யாரோ ஒருவரிடம் கொடு, இரண்டு பேரிடம் கொடு. சரியாக இருக்கிறது என்று ஒருவன் சட்டென்று சொன்னால், எங்கே, நடுவில் ஒரு பக்கத்தைப் படி என்று கேள். என்னிடம் நீ அப்படி ஒரு தடவையாவது கேட்டிருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பிறகு, கேட்க வேண்டியது உன் பொறுப்பு என்று பழியை இன்னொரு முறை உன் பக்கமே தள்ளுகிறேனே என்று வெட்கப்பட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை வருகிறேன். நீ போட்ட டிக்கெட்டிலேயே வருகிறேன். மைக் முன்னால் உட்கார அல்ல. உன் மேலதிகாரி முன்னால் நின்று, எனக்குப் படிக்கத் தெரியாது சார், என் மகனுக்கும் இது இத்தனை நாள் தெரியாது என்று என் வாயால் சொல்வதற்கு. அந்த வேலையை நீ செய்யக்கூடாது. அதன்பிறகு என்னை அன்றைக்கே ரயிலேற்றிவிட வேண்டும் என்று தோன்றினால் ஏற்றிவிடு. உன் அம்மாவும் கூட வருகிறாள். "நீங்க போற வழியில மனசு மாறி நடுவுல ஏதாச்சும் ஒரு ஸ்டேஷன்லயே எறங்கிருவீக, ஒங்களை நம்ப முடியாது" என்கிறாள். நம்பத்தான் முடியாது.

இப்போது அடித்து முடித்துவிட்டாள். அன்று சிடி வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு மெயில் குரூப்பில் இருக்கிறார்களாம், அவளும் அதில் இருக்கிறாளாம். அவர்கள் எல்லாருக்கும் இதை அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். "உங்க பையனுக்கு மட்டும் அனுப்பறேனுங்களே. ஊரே படிக்குமுங்க, பாத்துக்குங்க" என்று மறுபடி மறுபடி கேட்டாள். உனக்கு மட்டும் அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் அப்பு. நீ படிப்பாய். பிறகு என்னைக் காப்பாற்றுவதற்காக இதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டு, அந்தத் தப்பு உன் கைத்தப்பு என்றே காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாய். அதனால்தான் எல்லாருக்கும் அனுப்பச் சொன்னேன்.